நேட்டாலில் எடுத்த மழைச்சோறு

1

யுத்தம் தொடங்கியதிலிருந்து இங்கே பத்திரிகைகளில் வானிலைச் செய்தி சரியாக வருவதில்லை. எதிரிக் கப்பல்களுக்கு அது உதவியாகப் போய்விடுமாம். காற்று எந்தத் திசை, புயல் எங்கே என்று ஒரு வரி போடுவதற்கும் யோசிக்கிறார்கள். விதை வாங்கி வைத்துக்கொண்டு நிற்கிற எங்களைப் போன்ற காய்கறித் தோட்டக்காரர்களுக்கு இது கண்ணைக் கட்டிவிட்டது போல இருக்கிறது.

போன வாரம் என் மனைவி அங்கம்மாள் பட்டாணிப் பாத்தியில் இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டு கேட்டாள்:

"உங்க ஊர்ல இந்த வருசம் ஆடிக்காத்து எப்படி அடிச்சுதுன்னு யாராச்சும் சொன்னாங்களா?"

நாமகிரிப்பேட்டைப் பக்கத்து ஆடிக்காற்றுக்கும், கடல் தாண்டி ஆப்பிரிக்காவின் தென்கோடியில் நேட்டால் மலையடிவாரத்து ரயிலூர் ஒன்றில் முளைக்கிற பட்டாணிக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் ஒரு காலத்தில் கேட்டவன்தான். சம்பந்தம் இருக்கிறது. அந்தச் சம்பந்தத்தில் சிக்கி ஒரு பெண்பிள்ளை கப்பலேறப் பார்த்த கதையும் இருக்கிறது. அங்கம்மாள் கேட்டதும் அதெல்லாம் நினைவுக்கு வந்துவிட்டது.

என்னைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். கொழும்புத் துறைமுகத்தில் மூட்டை தூக்கினேன். கடைசிக் கூலிக் கப்பல்கள் ஓடிய காலத்தில் ஒன்றில் ஏறி இங்கே வந்தேன். கரும்பு வெட்டினேன், நிலக்கரிச் சுரங்கத்தில் வண்டி தள்ளினேன், ஓட்டலில் பாத்திரம் கழுவினேன். ஓரிடத்தில் இருக்கிற கால் இல்லை என்னுடையது. பிறகு இந்த ஓடைக் கரையில் ஒரு துண்டு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தேன். அதோடு கால் நின்றுவிட்டது. களைப்பாக இருக்கலாம்.

2

இங்கே காலமெல்லாம் தலைகீழ். நீங்கள் ஆடிப் பதினெட்டுக்குக் காவிரிக் கரைக்கு வண்டி கட்டும்போது, எங்கள் வாளித் தண்ணீரின் மேல் பனி உறைந்து கிடக்கும். மேற்கே மலை முழுக்க வெள்ளையாக இருக்கும். தெற்கிலிருந்து ஒரு காற்று வரும் பாருங்கள், போர்வைக்குள் புகுந்து எலும்பை எண்ணிவிட்டுப் போகும். உங்களுக்கு ஐப்பசி பிறக்கும்போது எங்களுக்கு வசந்தம். கார்த்திகையிலிருந்து மாசி வரைக்கும் இடியும் மின்னலுமாக மழை. அந்த மழைதான் எங்கள் சோறு.

முதல் சில வருஷங்கள் மழை வாசனை வந்தாலே எனக்கு ஊர் நினைப்பு வந்துவிடும். போதமலைக்கு மேலே கறுப்பு ஏறுவதும், கம்பங்காட்டில் பெண்கள் கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஓடுவதும், கிணற்றடியில் தண்ணீர் இறைக்கிற கவலை மாடுகளை அவிழ்த்துவிட்டு ஆண்கள் சும்மா நின்று நனைவதும் கண்ணில் நிற்கும். மழை வராத வருஷங்களில் ஊர் நினைப்பு இன்னும் அதிகம் வரும். மழை இல்லாமல் இருப்பதுதான் எங்கள் பக்கத்து மனிதர்களுக்கு நன்றாகப் பழகிய சமாசாரம்.

அப்படி ஒரு வருஷம், நான் சிறுவனாக இருந்தபோது, ஊரில் மழைச்சோறு எடுத்தார்கள். உங்களில் பலருக்குத் தெரிந்ததுதான். பெண்கள் பானையோடு வீடு வீடாகப் போய்ச் சோறோ கூழோ வாங்குவார்கள். எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டி, உப்பில்லாமல் ஊரே உட்கார்ந்து தின்னும். பிறகு பெண்கள் மூட்டை முடிச்சைத் தலையில் வைத்துக்கொண்டு, முறம், விளக்குமாறு, ஓட்டைச் சட்டி எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு, பஞ்சம் பிழைக்கப் போகிறோம் என்று மாரடித்து அழுதபடி எல்லைக்கு நடப்பார்கள். யார் கேட்டாலும் "போறோம்" என்றுதான் சொல்ல வேண்டும். சும்மா விளையாட்டுக்கு என்று ஒரு வார்த்தை வாயில் வந்தாலும் வானம் அதைக் கேட்டுவிடும். எல்லையில் ஊர்க்கவுண்டர் குறுக்கே வந்து நின்று, "போவாதீங்க, மழை வரும், திரும்புங்க" என்று கூப்பிட வேண்டும். கூப்பிட்டால்தான் திரும்பலாம்.

அந்த வருஷம் கவுண்டர் வரவே இல்லை. உப்பில்லாக் கூழ் வயிற்றைப் பிடித்து இழுத்ததில் காட்டுப் பக்கம் ஒதுங்கிவிட்டார். பெண்கள் பனைமரத்தடியில் நின்று அழுது அழுது தொண்டை கட்டிப்போனார்கள். "இன்னும் செத்த நேரம் பாப்போம், இல்லீன்னா நெசமாவே ராசிபுரம் போயர வேண்டீதுதான்" என்றாள் என் அத்தை. அழுகையும் சிரிப்பும் கலந்து எல்லோருக்கும் விக்கல் எடுத்தது. கடைசியில் கவுண்டர் வேட்டியை இழுத்துக் கட்டியபடி ஓடி வந்தார்.

3

இப்போது சொல்லப் போவது இங்கே நடந்தது. மேட்டூரில் அணை கட்டிக்கொண்டிருந்த காலம்.

அந்த வருஷம் கார்த்திகை போனது, மார்கழி போனது, மழை இல்லை. மேற்கு மலைப் பக்கமிருந்து அடுப்பு வாயைத் திறந்தாற்போல ஒரு காற்று அடிக்கும். மறுநாளே தெற்கிலிருந்து குளிர்க்காற்று வரும். இரண்டும் மாறி மாறி வந்தன. நடுவில் வர வேண்டிய மழையைக் காணோம். ஓடை, கல்லுக்குக் கல் தாண்டிப் போகிற அளவுக்கு இளைத்துவிட்டது.

நான் வாரம் ஒரு முறை காய் கொண்டுபோய்க் கொடுக்கிற வெள்ளைக்காரர் ஒருவர் இருந்தார். கப்பலில் மேட், அதாவது காப்டனுக்கு அடுத்த அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டுக்குள் காற்றழுத்தம் காட்டுகிற பாதரசக் கண்ணாடி, வெளியே மழை அளக்கிற குவளை, கூரையில் காற்றாடி என்று வைத்துக்கொண்டு தனியாக இருந்தார். எங்கள் ஆட்கள் அவருக்குப் பாதரசத் துரை என்று பெயர் வைத்திருந்தார்கள். பேச ஆள் கிடைக்காத மனுஷர். என்னைப் படியில் உட்கார வைத்துத் தேயிலைத் தண்ணீர் கொடுத்துப் பேசுவார். என் இங்கிலீஷ் சந்தை இங்கிலீஷ். ஆனாலும் அவர் சொன்னது புரிந்தது.

"உன் நாட்டில் போன ஆடி மாதம் மழை எப்படி?" என்று கேட்டார்.

"சரியில்லை என்றுதான் கேள்வி, துரை."

"எனக்குத் தெரியும்" என்றார். கிழக்கே வெகு தூரத்தில், ஆஸ்திரேலியாவின் வட முனையில் பாதரசம் உயர்ந்து நின்றால், அதற்கும் அப்பால் தென்கடல் தீவுகளில் அது இறங்கி நிற்கும். அது இறங்கினால் இது ஏறும். அப்படிப்பட்ட வருஷங்களில் இந்தியாவின் ஆடி மழை பெரும்பாலும் இளைக்கும். அதன் பின்னாலேயே எங்கள் கோடை மழையும் போகும். கப்பல்காரர்கள் கொடுத்த கணக்குகளை வைத்து அவர் இப்படிச் சொன்னார்.

"பூமியின் நடுவயிற்றில் இருக்கிற வெப்பம்தான் அடுப்பு" என்றார். "கடலில் எந்த இடம் சூடாக இருக்கிறதோ அங்கே மேகம் குவிந்து மேலே போகும். அடுப்பை ஒரு முழம் தள்ளி வைத்துப் பார். வீட்டில் புகை முன்பு போன வழியில் போகாது. நாம் இருக்கிற இந்தப் பக்கமும், வடக்கே என் பிறந்த நாடும், அந்தப் புகை போகிற வழியில்தான் இருக்கிறோம். மேல்காற்று வளைகிற இடம் மாறிவிடுகிறது. நமக்கு வர வேண்டிய மேகப் பட்டை மடகாஸ்கர் பக்கம் கடலுக்குள் போய்க் கொட்டுகிறது என்று எனக்குச் சந்தேகம். நிச்சயமாகச் சொல்ல என்னிடம் பாதிக் கணக்குதான் இருக்கிறது."

எனக்கு அவருடைய அடுப்பைவிட எங்கள் ஊர்க் கிணற்றுக் கவலை நன்றாகப் புரிந்தது. மாடு முன்னால் நடந்தால் தண்ணீர்ச் சால் மேலே வரும், பின்னால் வந்தால் சால் கீழே இறங்கும். மாடு நிற்கிற இடத்துக்கும் சால் கிடக்கிற ஆழத்துக்கும் நடுவே ஒரு வடம்தான். நாங்கள் ஊரிலிருந்து தப்பி இத்தனை தூரம் வந்ததாக நினைத்தோமே, அதே வடத்தின் இன்னொரு முனையில்தான் வந்து நின்றிருக்கிறோம். திரும்பி நடக்கும்போது எனக்கு இது பயமாக இல்லை. ஊர் கொஞ்சம் கிட்டத்தில் வந்தது போலிருந்தது.

4

எங்கள் பக்கத்துத் தோட்டம் செங்கோடனுடையது. திருச்செங்கோட்டுப் பக்கத்துக்காரர், என்னைவிட மூத்தவர். அவர் மனைவி நல்லம்மாள், வாழப்பாடிக்காரி. கூலிக்காரர் குடியிருப்பான லயத்தில் பழகிக் கல்யாணம் செய்துகொண்டவர்கள். அவருக்கு எப்போதும் ஊர் நினைப்பு. நல்லம்மாளுக்கு ஒரே மகள், இதே ஊரில் சலவைக்கடைக்காரனுக்குக் கட்டிக்கொடுத்து, அப்போது வயிற்றுப் பிள்ளையோடு இருந்தாள்.

தை பிறந்தும் மழை இல்லை என்றதும் நல்லம்மாள் மழைச்சோறு எடுக்கலாம் என்றாள். தோட்டத்துப் பெண்கள் எல்லோருக்கும் சம்மதம். எங்கள் பிள்ளைகளுக்குத்தான் இல்லை. என் பெரியவன் பெரியசாமி, பள்ளிக்கூடத்தில் அவனுக்குப் பெர்ரி என்று பெயர், "இதுக்குப் பேரு பிச்சைதானே அப்பா? என் டீச்சர் பாத்தா?" என்றான். "உன் டீச்சர் ஊட்டுலயும் ஒரு கை வாங்கிட்டு வாடா" என்றாள் அங்கம்மாள். அவள் ஊர்வலத்தில் போகவில்லை. அன்றைக்குச் சந்தையில் கடை போட வேண்டிய முறை அவளுடையது.

கம்பு கிடைக்காததால் மக்காச்சோள மாவில் கூழ். அதையும் உப்பில்லாமல் தின்றோம். பெண்கள் மூட்டைகளைத் தலையில் வைத்தார்கள். எல்லை எது என்ற கேள்வி வந்தது. தோட்டப் பாதை ரயிலடிச் சாலையில் சேருகிற இடம் என்று முடிவானது. கூப்பிடுவது யார்? வயதில் மூத்த ஆண் செங்கோடன்தான். அங்கே நிற்கிற தைல மரத்தடியில் அவர் காத்திருந்து கூப்பிட வேண்டும் என்று பேச்சு.

நல்லம்மாள் முன்னால், மற்றவர்கள் பின்னால். அழுகை பலமாகத்தான் இருந்தது. அந்த வருஷம் அழுவதற்குத் தனியாகக் காரணம் தேட வேண்டியதில்லை.

சாலை சேருகிற இடத்தில் அன்றைக்குப் பார்த்து ஒரு மேஜை போட்டிருந்தது. அந்தக் காலத்தில் ஊருக்கே திரும்பிப் போகச் சம்மதிக்கிற இந்தியர்களுக்குக் கப்பல் செலவும் கையில் கொஞ்சம் பணமும் கொடுத்து இங்கத்துச் சர்க்கார் அனுப்பிக்கொண்டிருந்தது. போய் அதிக காலம் தங்கிவிட்டால் திரும்பி வர உரிமை கிடையாது. அதற்கு ஆள் எழுத ஒரு வெள்ளைக்கார கிளார்க்கும், பேச்சை மொழிபெயர்க்கக் கோட்டுப் போட்ட தமிழ்த் துபாஷி ஒருவனும் வந்திருந்தார்கள். காலையிலிருந்து ஒருவரும் வராமல் ஈ ஓட்டிக்கொண்டிருந்தவர்கள் முன்னால், மூட்டை முடிச்சோடு அழுதுகொண்டு ஒரு கூட்டம் வந்து நின்றது.

"என்னவாம்?" என்றான் கிளார்க்.

துபாஷி நல்ல பையன்தான். டர்பனில் பிறந்து வளர்ந்தவன், மழைச்சோறு கேள்விப்பட்டதில்லை. "எங்கே அம்மா போறீங்க?" என்று மரியாதையாகக் கேட்டான்.

"போறோம் சாமி. மழையில்லாத சீமை எங்களுக்கு வேண்டாம். போறோம்."

"இந்தியாவுக்கா?"

நல்லம்மாள் ஒரு நிமிஷம் விழித்தாள். இல்லை என்று சொன்னால் அத்தனையும் வீண். "போறோம்" என்றாள்.

"நல்லா யோசிச்சீங்களா?"

"போறோம்!"

கிளார்க் காகிதத்தை எடுத்தான். நல்லம்மாள் தைல மரத்தைப் பார்த்தாள். செங்கோடன் அங்கேதான் நின்றார். தலைப்பாகை கட்டி, தோளில் துண்டு போட்டு, சொன்னபடி வந்திருந்தார். நானும் பக்கத்தில் இருந்தேன்.

"கூப்பிடுங்க, அண்ணா" என்றேன்.

அவர் கூப்பிடவில்லை. மேஜையையே பார்த்துக்கொண்டு நின்றார். அங்கே நல்லம்மாளின் கட்டைவிரலில் மை தடவினார்கள். அவள் கண்ணை மரத்தடியை விட்டு எடுக்கவில்லை. விரல் காகிதத்தில் பதிந்தது.

அதற்குள் உச்சி வெயில் ஏறிவிட்டதால், மற்றவர்கள் நாளைக்கு வரட்டும் என்று கிளார்க் எழுந்துவிட்டான். பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் பின்பக்கப் பாதையாக வீடு போனார்கள். மறுநாள் ஒருத்தியும் வரவில்லை. செங்கோடன் மட்டும் போய்த் தன் விரலையும் வைத்துவிட்டு வந்தார்.

5

அன்று சாயங்காலம் அவருடைய காய்ந்த வாய்க்காலில் இருவரும் உட்கார்ந்தோம்.

"ஏனுங்கண்ணா இப்படிப் பண்ணிப்போட்டீங்க?"

"நானா பண்ணுனேன்? அவளா போய்க் கையை நீட்டுனா. ஊரே பாத்துச்சு."

"கூப்பிடறேன்னு சொன்னது நீங்கதானுங்களே."

"வாயில வரலீங்க" என்றார். "போவட்டும். இங்க இனி என்ன இருக்குது?"

பாதரசத் துரை சொன்னதையெல்லாம் அவருக்குச் சொன்னேன். கவலையையும் வடத்தையும் வைத்து விளக்கினேன். ஊரிலும் ஆடி மழை இல்லை, அங்கேயும் இதே கதைதான் என்றேன்.

"ஆடியில இல்லீங்க. ஐப்பசியில கொட்டித் தீத்துருச்சாம். ஏரி நெறஞ்சு கோடி வழியா வழிஞ்சு போச்சாம். போன கப்பல்ல வந்தவன் சொன்னான்."

இதை அடுத்த வாரம் துரையிடம் கேட்டேன். அவர் வெகு நேரம் தாடியைத் தடவினார். இருக்கலாம், அந்த மழை வேறு காற்று, வேறு கணக்கு என்றார். ஆடி இளைத்த வருஷத்தில் ஐப்பசி பெருப்பதும் உண்டாம். "உலகத்தின் காற்றைப் பற்றிக் கேள், ஏதாவது சொல்கிறேன். உன் நண்பனின் ஏரியைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது" என்றார்.

அன்று வாய்க்காலில் செங்கோடனிடம் கடைசியாக மேட்டூர் இருந்தது. "அணை கட்டறாங்க. இனிமே நம்ம சனங்க வானத்தைப் பாக்க வேண்டீதில்லை."

"அந்தத் தண்ணி தஞ்சாவூருக்குப் போவுதுங்க, அண்ணா. உங்க மேட்டுக்காட்டுக்கு ஏறி வராது."

"நீ பாத்தியா?"

நான் பார்க்கவில்லை. அவரும் பார்க்கவில்லை. ஊரை விட்டு வந்தவர்கள் ஊரைப் பற்றிச் சண்டை போட்டால் இப்படித்தான் முடியும்.

நல்லம்மாளிடம் அங்கம்மாள் பேசிப் பார்த்தாள். கப்பலேறும் வரைக்கும் மனசு மாறலாம், ஏறிவிட்டால்தான் மாற்ற முடியாது என்று அந்தத் துபாஷியே சொல்லியிருந்தான். "வரமாட்டேன்னு சொல்லிரு. மக மாசமா இருக்கா. முடிஞ்சுது" என்றாள்.

"எனக்கு மட்டும் போகணும்னு ஆசையாடி?" என்றாள் நல்லம்மாள். "சோத்தைத் தின்னுட்டு, போறேன்னு வானத்துக்குச் சொல்லிட்டு வந்தவ நான். கூப்பிடாம திரும்பினா மழை வராது. அப்புறம் இத்தனை தோட்டமும் காஞ்சது என் தலையில விழும். நான் போயிட்டாலாவது பெய்யும்."

"கூப்பிடத்தானே வேணும்? எங்க ஊட்டுக்காரரைக் கூப்பிடச் சொல்றேன்."

"அவரு யாரு? அவரும் என்னை மாதிரி கப்பல்ல வந்தவருதானே. கூப்பிடறதுக்கு மண்ணுக்குச் சொந்தக்காரங்க வேணும். என் புருசனே கூப்பிட்டிருந்தாலும் அது செல்லுமோ என்னமோ. அந்த மனுசன் அதுகூடச் செய்யலை."

6

புறப்படுகிற நாள் வந்தது. டர்பனுக்குக் காலை ரயில். செங்கோடன் தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். புது வேட்டி. நல்லம்மாள் மூட்டையோடு பின்னால். மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச தூரம் வந்து, முடியாமல் ஓடைக் கல்லில் உட்கார்ந்துவிட்டாள். அம்மாவைப் பார்க்காமல் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தோட்டத்து ஜனங்கள் எல்லோரும் பாதையோரம் நின்றோம்.

தைல மரத்தடிக்கு அவர்கள் வந்தபோது அங்கம்மாள் காய்வண்டியோடு சந்தைக்குப் போய்க்கொண்டிருந்தாள். அப்படித்தான் நான் நினைத்தேன். அவள் வண்டியைச் சாலைக்குக் குறுக்கே திருப்பி நிறுத்தினாள்.

"வழி விடு புள்ள, ரயிலுக்கு நேரமாச்சு" என்றார் செங்கோடன்.

அவள் அவரைப் பார்க்கவில்லை. "நல்லம்மாக்கா, மண்ணுக்குச் சொந்தக்காரங்கதானே கூப்பிடணும்?"

"ஆமா."

"எங்கம்மா என்னைப் பெத்தது இங்க, கரும்பு லயத்துல. என் தொப்புள்கொடியைப் பொதைச்ச எடத்துல இப்ப மாமரம் நிக்குது. சேலம்னா என்ன நெறம்னு எனக்குத் தெரியாது. நான் எந்தக் கப்பல்லயும் ஏறினதில்ல. எனக்கு வேற ஊரே கிடையாது. நான் கூப்பிட்டா செல்லுமா செல்லாதா?"

நல்லம்மாள் மகள் உட்கார்ந்திருந்த ஓடைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பக்கத்தில் நின்ற பெண்களில் ஒருத்தி, "செல்லும்" என்றாள். இன்னொருத்தியும் சொன்னாள்.

அங்கம்மாள் முந்தானையை இடுப்பில் செருகினாள். இந்த வேலையை அவள் ஒருநாளும் கண்ணால் பார்த்ததில்லை. நான் கதையாகச் சொன்னதைக் கேட்டதுதான். இரண்டு கையையும் அகல விரித்தாள். "போவாதீங்க சாமி" என்று கத்தினாள். சந்தையில் தக்காளி கூவுகிற அதே குரல். "போவாதீங்க. மழை வரும். திரும்புங்க!"

நல்லம்மாள் மூட்டையை இறக்கினாள். கீழே வைத்துவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். அப்போதுதான் நிஜமாக அழுதாள். முன்பு ஊர்வலத்தில் அழுதது அழுகையே இல்லை என்று எங்களுக்குத் தெரிந்தது.

தூரத்தில் ரயில் ஊதியது. செங்கோடன் பெட்டியோடு நின்றார். அவர் தனியாகவும் போகலாம், தடுக்க யாருமில்லை. சாலையைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். பிறகு அங்கம்மாளிடம், வம்புக்கு இழுப்பவர் போல இல்லாமல், தெரிந்துகொள்ள வேண்டியவர் போலக் கேட்டார்:

"நெசமா மழை வருமா?"

"வரும்."

"எப்ப?"

"அது எனக்கு எப்படித் தெரியும்? கூப்பிடறதுதான் என் வேலை."

ரயில் அந்தப் பக்கம் போனது. அவர் இந்தப் பக்கம் போகவும் இல்லை, அந்தப் பக்கம் போகவும் இல்லை. வெயில் ஏறும் வரைக்கும் பெட்டி மேல் உட்கார்ந்திருந்தார். பெண்கள் நல்லம்மாளைக் கூட்டிக்கொண்டு போன பிறகும் அங்கேயே இருந்தார்.

மாசியில் மழை இல்லை. பங்குனியிலும் இல்லை. பாதரசத் துரையின் குவளையில் செத்த பூச்சிதான் கிடந்தது. அந்த வருஷம் என் பட்டாணி முழுக்கப் போனது. மற்றவர்களுக்கும் அப்படித்தான். ஆனால் அந்த ரயில் போன மறுநாள் விடியும்போது நான் ஓடைக்குப் போனேன். செங்கோடன் புது வேட்டியை முழங்காலுக்கு மேலே மடித்துக் கட்டிக்கொண்டு, குழியில் ஊறிய தண்ணீரைச் சிரட்டையால் அள்ளித் தகரத்தில் ஊற்றிக்கொண்டிருந்தார். கரையில் நல்லம்மாள் கத்தரிப் பாத்தி ஓரமாக நின்றாள். அவள் அவரோடு பேசவில்லை. எந்தச் செடிக்கு ஊற்ற வேண்டும் என்று விரலால் மட்டும் காட்டினாள். அவர் அந்தச் செடிக்கு ஊற்றிவிட்டு, அடுத்தது எது என்று அவள் விரலைப் பார்த்து நின்றார்.